எதனால் ஆன 2 மில்லி?

கெண்டைக் குஞ்சை முதலில் வளர்க்கும் நாற்றங்கால் குளத்தில் ஸ்பான், அதாவது பொரித்து மூன்று நாளான குஞ்சு, விடலாமா என்று பார்க்க எல்லாரும் செய்யும் சோதனை ஒன்றுதான். 60 மைக்ரான் கண்ணியுள்ள பிளாங்டன் (மிதவை உயிரி) வலையில் 50 லிட்டர் குளத்துத் தண்ணீரை வடிகட்டுவார்கள். சேர்ந்ததை அளவுக் குழாயில் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நிற்க வைப்பார்கள். அடியில் 1.5 முதல் 2 மில்லி வரை படிந்தால் குளம் தயார். கையேடுகளும் இதைத்தான் சொல்கின்றன.

சோதனையில் தப்பில்லை. ஆனால் அந்த 2 மில்லி முழுக்கப் பாசியாக இருக்கலாம். குஞ்சுக்கு இரையாகும் பொடி விலங்குகளான ரோட்டிஃபராக இருக்கலாம், மொய்னாவாக இருக்கலாம். ஸ்பானையே பிடித்துக் குதறும் சைக்ளோப்ஸாகவும் இருக்கலாம். குழாயில் உள்ள கோட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒரே அளவு காட்டிய இரண்டு குளங்களில், ஒன்றில் பாதிக்குப் பாதி தேறுவதும் இன்னொன்றில் வலையை இழுத்தால் தவளைக்குஞ்சு மட்டும் வருவதும் பெரும்பாலும் இதனால்தான். பழி மட்டும் ஸ்பான் விற்றவர் மேல் போகும்.

அளந்து முடித்ததும் குழாயைக் கவிழ்த்து ஊற்றிவிடாதீர்கள். அதில் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டிலோ கண்ணாடித் துண்டிலோ விட்டு, 10 மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸில் பாருங்கள். உப்புப் போடுவதற்கு முன்பே கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. உயிரோடு இருக்கும்போது அவை நகரும் விதமே அடையாளம் சொல்லிவிடும். தூசிபோல் மிதந்து, வழுக்கிக்கொண்டு மெல்ல நகர்பவை ரோட்டிஃபர்கள். பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இருக்கும்; நாற்றங்காலில் அதிகம் வருவது பிராக்கியோனஸ். உருண்டையாக, வெள்ளை ரவைபோல், நின்ற இடத்திலேயே துள்ளித் துள்ளி ஏறி இறங்குவது மொய்னா. கொஞ்சம் பெரிதாக, வால் பக்கம் முள் நீண்டிருந்தால் டாஃப்னியா. ஈட்டிபோல் சட்டென்று பாய்ந்து நிற்பது சைக்ளோப்ஸ். பெண்ணுக்கு வாலின் இரண்டு பக்கமும் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும். நீண்ட மீசையை விரித்து நிதானமாக மிதந்து, ஒரே ஒரு முட்டைப் பையோடு போவது டயாப்டோமஸ். கடைசி இரண்டும் துடுப்புக்காலிகள்தான், ஆனால் குணம் வேறு. டயாப்டோமஸ் பெரும்பாலும் பாசியை வடிகட்டித் தின்னும். சைக்ளோப்ஸ் பிடித்துத் தின்னும். பொரித்த சில நாளே ஆன மீன்குஞ்சின் துடுப்பிலும் வயிற்றிலும் அது பற்றிக்கொள்ளும்.

இவை எல்லாம் ஒரே நேரத்தில் பெருகுவதில்லை, வரிசைப்படிதான் வரும். உரம் போட்டதும் முதலில் பாக்டீரியாவும் பொடிப் பாசியும் ஏறும். அதைத் தின்று ரோட்டிஃபர் பெருகும். அதற்கு ஆண் துணை வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஓரிரு நாளில் முட்டையிட்டு முட்டையிட்டே பல மடங்காகிவிடும். அடுத்தது மொய்னா. அதற்கும் ஆண் தேவையில்லை, ஆனால் பிறந்த குட்டி தாயாக 4, 5 நாளாவது ஆகும். மொய்னா ஏறினால் ரோட்டிஃபர் இறங்கும். இரண்டுக்கும் சாப்பாடு ஒன்று, மொய்னாவின் வடிகட்டும் வேகம் அதிகம். துடுப்புக்காலிகள் கடைசி. அவை ஆணும் பெண்ணும் சேர்ந்தே இனம் பெருக்க வேண்டும். முட்டையிலிருந்து வந்த நாப்ளி என்ற பொடிக்குஞ்சு 6 நிலை, அதன்பின் இளம்பருவம் 5 நிலை தாண்டித்தான் வளர்ந்த விலங்காகும்.

ஸ்பானின் வாயும் இதே வரிசையில்தான் பெரிதாகிறது. மஞ்சள்கரு தீர்ந்த ஸ்பான் 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளம், எடை ஒன்றரை மில்லிகிராம்கூட இருக்காது. முதல் சில நாள் ரோட்டிஃபரும் நாப்ளியும் அதன் வாய்க்குச் சரியான அளவு. பிறகு 0.4 மில்லிமீட்டருக்கு உட்பட்ட மொய்னாக் குட்டி, அதன்பின் முழு மொய்னா. 20 மில்லிமீட்டர் தாண்டிய இளங்குஞ்சு சைக்ளோப்ஸையே தேடித் தின்னும். ஆக, குளத்தின் வரிசையும் குஞ்சின் வரிசையும் ஒன்றாக ஓடினால் போதும். நாற்றங்கால் மேலாண்மை என்று பக்கம் பக்கமாக எழுதப்படுவதில் பாதி இந்த இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வைக்கும் வேலைதான்.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பானின் குடல் குட்டையான நேர்க்குழாய். தின்றது சீக்கிரம் வெளியேறும், அடுத்த வாய் உடனே வேண்டும். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று நாம் தூவும் தவிட்டை நம்பி அது வாழ முடியாது. கண்முன்னே எந்நேரமும் ஏதாவது நகர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

நாள் கணக்கு எப்படி வைப்பது? 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரி பிட்யூட்டரி ஊசி போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார். அதற்கு முன் ஸ்பான் என்றால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் அள்ளுவதுதான். எப்போது வரும் என்று ஆற்றைத்தான் கேட்க வேண்டும். இப்போது தாய்மீனுக்கு ஊசி போடும் நாளே நமக்குத் தெரியும். அணைக்கரைப் பக்கமோ வேறெங்கோ, வாங்கும் பொரிப்பகத்தில் என்றைக்கு ஊசி என்று கேட்டு, அதிலிருந்து எண்ணுங்கள். மாலையில் ஊசி என்றால் மறுநாள் விடியலுக்குள் முட்டை. 28 பாகை வெப்பத்தில் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிக்கும். அதிலிருந்து 72 மணி நேரத்தில் ஸ்பான். ஊசி போட்ட நாளைச் சுழியம் என்று வைத்தால் 4ஆம் நாள் மாலை அது உங்கள் குளக்கரையில் இருக்கும். முட்டை இட்டது உறுதி என்று தகவல் வந்த பிறகு, 2ஆம் நாள் உரம் போடுங்கள். ஊசி பலிக்காமல் போவதும் உண்டு. அதற்குள் அவசரப்பட்டு உரம் போட்டிருந்தால், அடுத்த தவணை ஸ்பான் வரும்போது உங்கள் குளம் சைக்ளோப்ஸ் கட்டத்துக்குப் போயிருக்கும்.

அளவுகளை 10 சென்ட் குளத்துக்கு, 1 மீட்டர் ஆழத்துக்குச் சொல்கிறேன். ஏறக்குறைய 400 கன மீட்டர் தண்ணீர். புவனேசுவரத்தில் உள்ள நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிஃபாவின் எக்டேர் கணக்கைப் பகுத்து வந்த அளவுகள் இவை. கடலைப் புண்ணாக்கு 30 கிலோ, பச்சைச் சாணம் 8 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ. இதில் பாதியை மட்டும் முந்தைய இரவே ஊற வைத்து, கூழாகக் கரைத்து, ஸ்பான் விடுவதற்கு 2, 3 நாள் முன் குளம் முழுக்கத் தெளிக்க வேண்டும். மீதிப் பாதியை இரண்டு மூன்றாகப் பிரித்துப் பிறகு போடலாம். அந்தத் தவணைகளைக் காலண்டர் பார்த்துப் போடாதீர்கள், தட்டில் உள்ள சொட்டைப் பார்த்துப் போடுங்கள். மொய்னா குறைந்து குளம் தெளிந்தால் போடலாம். மேல்நீர் கெட்டிப் பச்சையாக இருந்தால் வேண்டாம்.

பழைய முறையில் சாணத்தை மட்டும், இதே குளத்துக்கு 200 முதல் 400 கிலோ வரை, 10, 15 நாள் முன்பே கொட்டிவிடுவார்கள். பிளாங்டன் அதிலும் வரும், அளவுக் குழாயில் 2 மில்லி தாராளமாகக் காட்டும். ஆனால் ஸ்பான் வரும் நாளில் ரோட்டிஃபர் அலை ஓய்ந்து, துடுப்புக்காலியும் பூச்சியும் ஏறியிருக்கும். சாணம் மோசம் என்று சொல்ல வரவில்லை, நாள்தான் பிசகுகிறது.

உரத்துக்கு முந்தைய வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வற்றவைக்க முடிந்த குளம் என்றால் வெடிப்பு விழும்வரை காயவைத்து, 8 கிலோ சுண்ணாம்பு போட்டு, நெருக்கமான நைலான் வலை வழியாகத் தண்ணீர் ஏற்றுங்கள். வற்றாத குளம் என்றால் விரால், ஜிலேபி, கெளுத்தியை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கு 100 கிலோ. அதன் நஞ்சு அடங்க 15 நாளுக்கு மேல் ஆகும், பின்னர் அதுவே உரமாகும். அவசரம் என்றால் பிளீச்சிங் பவுடர் 14 கிலோ, ஒரு வாரம் பொறுக்க வேண்டும். எதைப் போட்டாலும் ஒரு சிறு ஹாப்பாவை (வலைத்தொட்டிலை) குளத்தில் கட்டி, பத்து இருபது குஞ்சை 24 மணி நேரம் விட்டுப் பார்த்துவிட்டு மற்றதை இறக்குங்கள்.

குளத்தைக் காயவைப்பதற்குப் பயப்படத் தேவையில்லை. மொய்னாவும் ரோட்டிஃபரும் தண்ணீர் வற்றும் முன் தடித்த ஓடுள்ள ஓய்வு முட்டைகளை இட்டு வைக்கும். அவை காய்ந்த சேற்றில் அப்படியே கிடந்து, தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். நம் குளத்துச் சேறுதான் நமக்கு விதைநெல். இதனாலேயே புதிதாகத் தார்ப்பாய் விரித்த குளங்களில் சிக்கல் வருகிறது. உரம் போட்டால் பாசி மட்டும் மளமளவென்று ஏறும், தின்ன ஆளில்லை. பக்கத்துப் பழைய குளத்திலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றலாம். ஆனால் 300 மைக்ரான் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். ரோட்டிஃபர் அதில் இறங்கிவிடும். வளர்ந்த சைக்ளோப்ஸும் பூச்சியும் மேலே தங்கிவிடும். மொய்னாவும் தங்கிவிடும் என்பதால் அதைத் தனியாக வளர்த்துத்தான் விட வேண்டும்.

அதற்கு 1000 லிட்டர் சிமெண்ட் தொட்டி போதும். கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. குளோரின் போன தண்ணீர், முடிந்தால் அதில் கால் பங்கு பாசி ஏறிய பச்சைத் தண்ணீர், ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் 20 முதல் 30 கிராம் வரை கரைத்து ஊற்றி, மெல்லக் காற்று விட்டு, தாய் மொய்னாவைப் போட்டால் ஒரு வாரத்தில் அள்ளலாம். ஈஸ்ட் மட்டும் தின்ற மொய்னா பருமனாகத் தெரியும், ஆனால் அதில் நல்ல கொழுப்பு குறைவு. பச்சைத் தண்ணீரும் சேர்ந்து தின்றதுதான் குஞ்சுக்குச் சத்து. காற்றைப் பொடிக்குமிழியாக விடாதீர்கள். ஓட்டுக்குள் குமிழி சிக்கி மொய்னா மேலே மிதந்து சாகும். தொட்டியில் கறுத்த, சேணம்போன்ற ஓட்டோடு பெண்கள் தென்பட்டால் ஓய்வு முட்டை இடத் தொடங்கிவிட்டன என்று பொருள். நெரிசல் அல்லது பட்டினி. பாதியை அறுவடை செய்து தண்ணீரை மாற்றுங்கள்.

இனி பூச்சி. ஸ்பானுக்கும் மொய்னாவுக்கும் பொதுவான எதிரி இதுதான். தண்ணீர் ஏற்றிய சில நாளிலேயே முதுகுநீச்சல் பூச்சி, நீர்வண்டு, நீர்த்தேள் எல்லாம் பறந்து வந்து இறங்கும். ஸ்பான் விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன் சோப்பு எண்ணெய்க் கரைசல் அடிப்பது வழக்கம். 10 சென்ட்டுக்கு மலிவான தாவர எண்ணெய் இரண்டேகால் கிலோ, சலவை சோப்பு 700 கிராம். சோப்பை வெந்நீரில் கரைத்து, எண்ணெயை ஊற்றிப் பாலாகும்வரை அடித்து, நீர்ப்பரப்பில் தெளிக்க வேண்டும். மேலே வந்து காற்றை இழுக்கும் பூச்சிகளின் மூச்சுத்துளையை அந்தப் படலம் அடைத்துவிடும். காற்று வீசும் நாளில் அடித்தால் படலம் ஒரு மூலைக்கு ஒதுங்கும், காசு வீண். காற்று அடங்கிய மாலைதான் சரி.

இதில் பலர் கவனிக்காதது தட்டானின் புழு. அது மேலே வந்து மூச்சு விடுவதில்லை. குடலின் பின்பகுதியில் உள்ள செவுளால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடும். எண்ணெய்ப் படலம் அதை ஒன்றும் செய்யாது. நெருக்கமான இழுவலையை இரண்டு மூன்று முறை தரையோடு இழுத்து அரித்து எடுப்பதுதான் வழி.

பூச்சிமருந்தில் இரண்டு சொட்டு விட்டால் எல்லாம் சாகுமே என்று சிலர் குறுக்குவழி பார்ப்பார்கள். மொய்னா, டாஃப்னியா வகைத் தெள்ளுகள் பூச்சிமருந்துக்கு எவ்வளவு பலவீனமானவை என்றால், ரசாயனங்களின் நஞ்சைச் சோதிக்க உலகம் முழுவதும் ஆய்வகங்கள் பயன்படுத்துவதே டாஃப்னியாவைத்தான். மீனுக்கு ஒன்றும் ஆகாத அளவிலேயே அவை போய்விடும். வயல் வாய்க்காலில் இருந்து தண்ணீர் எடுக்கும் டெல்டாக் குளங்களில் இது கேட்காமலே நடக்கிறது. மேலே நெல்லுக்கு மருந்து அடித்திருப்பார்கள், இங்கே குளம் பார்க்கப் பச்சையாக நன்றாகத்தான் இருக்கும். சொட்டைப் பார்த்தால் ரோட்டிஃபர் இருக்கும், தெள்ளு ஒன்றுகூட இருக்காது. ஸ்பான் முதல் 4 நாள் நன்றாக வளர்ந்து, 5ஆம் நாளிலிருந்து ஒல்லியாகும். வாய் பெரிதான நேரத்தில் அதற்கேற்ற இரை இல்லை. அக்கம்பக்கத்தில் மருந்து அடிக்கும் வாரத்தில் வாய்க்கால் மதகை மூடி வைத்து, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது.

ஸ்பானை எத்தனை விடுவது? 10 சென்ட்டுக்கு 1.2 முதல் 2 லட்சம் வரை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் நாற்றங்காலில் தனித்தனியாக வளர்ப்பதே சரி, ஏனென்றால் இந்த வயதில் மூன்றும் ஒரே இரைக்குப் போட்டி போடும். 1.5 லட்சம் ஸ்பான் என்று வைத்தால் மொத்த எடை 200 கிராம் சொச்சம். 15 நாளில் பாதி தேறி, தலைக்கு 0.2 கிராம் வந்தால் 15 கிலோ. 200 கிராம் 15 கிலோ ஆவதற்கான இரையை, விடும் நாளில் குளத்தில் இருக்கும் பிளாங்டன் மட்டும் தர முடியாது. அது தின்னத் தின்னப் பெருகிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் உரத்தின் பிற்பாதித் தவணைகள்.

கடலைப் புண்ணாக்குத் தூளும் அரிசித் தவிடும் சம அளவில் கலந்து முதல் 5 நாள் தினம் 900 கிராம், பிறகு 1.8 கிலோ, இரு வேளையாகப் பிரித்துத் தூவலாம். இதில் ஒரு பங்கு குஞ்சின் வாய்க்குப் போகும், ஒரு பங்கு உரமாகி மொய்னாவுக்குப் போகும். இரண்டும் லாபம்தான்.

விட்ட இரண்டாம் நாள் நான்கைந்து குஞ்சை அள்ளி லென்ஸில் பாருங்கள். உடல் ஊடுருவித் தெரியும். குடல் வெளிர் பழுப்பாக நிரம்பியிருந்தால் விலங்கு மிதவை உயிரி கிடைக்கிறது. பச்சையாக இருந்தால் வேறு வழியில்லாமல் பாசியை விழுங்குகிறது. வெறுமையாக இருந்தால் அன்றைக்கே தொட்டி மொய்னாவை ஊற்ற வேண்டும், நாளைக்கு என்று தள்ளினால் நாளைக்கு எண்ண ஆள் இருக்காது.

உரம் மிஞ்சினால் மொய்னாவே சொல்லும். ஆக்சிஜன் குறையும்போது அது உடலில் ஹீமோகுளோபின் கூட்டிச் சிவக்கும். விடியற்காலையில் கரையோரம் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் மொய்னா அமோகம் என்று மகிழ வேண்டாம். மொய்னா அதைத் தாங்கும், ஸ்பான் தாங்காது. அன்று உரமும் தீனியும் நிறுத்தி, புதுத் தண்ணீர் விடுங்கள். மேகமூட்டம் தொடரும் நாட்களில் இது சீக்கிரம் வரும். பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் காற்றடிக்கும் மூலையில் படலம் கட்டினால் அது மைக்ரோசிஸ்டிஸ். கூட்டமாக ஒட்டிக்கொண்டு வளரும் அதை மொய்னாவால் வடிகட்டவும் முடியாது, செரிக்கவும் முடியாது. பாசி நிறைய, தின்பவை பட்டினி. பாதித் தண்ணீரை இறக்கி மாற்றுவதைத் தவிர நல்ல வழி கிடையாது.

எல்லாம் பிசகி, ஸ்பான் வரும் நாளில் சொட்டு முழுக்க சைக்ளோப்ஸ் என்றால்? அந்தக் குளத்தில் ஸ்பான் விடாதீர்கள். ஆனால் குளத்தை வீணாக்கவும் வேண்டாம். வேறு குளத்தில் 15 நாள் வளர்ந்த இளங்குஞ்சை அதில் விடுங்கள். அதற்கு இது விருந்து.

வளர்ப்புக் குளத்துக்குப் போன பிறகு ரோகு பாசியின் பக்கமும் மிர்கால் சேற்று மட்கின் பக்கமும் திரும்பிவிடும். கட்லா மட்டும் கடைசிவரை விலங்கு மிதவை உயிரியை விடாது. மேல்நோக்கிய வாயும் செவுள் சல்லடையும் அதற்காகவே அமைந்தவை. மாதம் ஒருமுறை வலை போடும்போது ரோகு நன்றாக இருந்து, கட்லா மட்டும் தலை பெருத்து உடல் வற்றி வந்தால், அடியில் கொட்டும் தீனியைக் கூட்டிப் பயனில்லை. அது மேல்நீரில் மேய்வது. அப்போதும் எடுக்க வேண்டியது அதே வலையும் லென்ஸும்தான். சொட்டில் தெள்ளு இல்லை, குளத்தில் பெருந்தலைக் கெண்டையோ வெள்ளிக் கெண்டையோ அதிகம் என்றால், முதலில் அவற்றைப் பிடித்து விற்றுவிட்டுப் பிறகு சாணிப்பால் ஊற்றுங்கள்.